சினவாலி என்றால் மூங்கில் தட்டி

1

நான் கம்பு பிடிக்கக் கற்றது நாச்சியாபுரத்தில் அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டில், செபு நகரத்தில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடைப்பந்துத் திடலில். கற்றுக்கொடுத்தவள் பெயர் லோர்னா. அந்தக் கலையை இங்கே எஸ்க்ரிமா என்பார்கள், அர்னிஸ் என்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் காரைக்குடியில் நடந்த ஒரு விழாவுக்குப் பிறகு என் பெயரை வைத்து வேறொரு கதை ஊருக்குள் நடமாடுகிறது. அதற்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கதையைச் சொன்னவன் என் கூடப்பிறந்த தம்பி.

என் கணவர் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அங்கே படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நான் மெஸ் நடத்துகிறேன். வந்த புதிதில் மொழி என்னைப் படாதபாடு படுத்தியது. வார்டு அலுவலகத்தை இவர்கள் 'பரங்காய்' என்பார்கள். பரங்காய்க்குப் போய் முகவரிச் சான்று வாங்கி வரும்படி வீட்டுக்காரம்மா சொன்னபோது, பரங்கிக்காய்தான் சொல்கிறாள் என்று பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வெளிநாட்டவர் எல்லாம் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போய், இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று தலையைக் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் எந்த அதிகாரியும் வள்ளி என்ற என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. இவர்கள் வாயில் 'வ' வராது. நான் 'பாலி' ஆனேன். இப்போது அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

கம்புச்சண்டை இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். என் மகள் மீனாவின் உடற்பயிற்சி ஆசிரியைதான் லோர்னா. என் வயதுக்காரி. சனிக்கிழமை காலைகளில் திடலில் பயிற்சி நடக்கும். மகள் முடித்து வரும்வரை நான் படிக்கட்டில் உட்கார்ந்து மெஸ்ஸுக்குப் பூண்டு உரிப்பேன். ஒருநாள் லோர்னா வந்து பூண்டுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, என் இரண்டு கைகளிலும் இரண்டு பிரம்புகளைத் திணித்தாள். என் பூண்டு நாற்றம் அந்தக் கம்பில் பல நாள் இருந்ததாக இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

மீனா இரண்டு வருடத்தில் கம்பை விட்டுவிட்டு நடனக் குழுவுக்குப் போய்விட்டாள். நான் விடவில்லை.

இரட்டைக் கம்பு ஆட்டத்துக்கு சினவாலி என்று பெயர். இங்கே ஏழை வீடுகளின் சுவர், பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய தட்டியாக இருக்கும். அதற்கு 'சவாலி' என்று பெயர். கைகள் அந்தத் தட்டியைப் போலப் பின்னிப் பின்னிப் போவதால் சினவாலி. திடலின் மூலையில் இருந்த ஒரு பெட்டிக்கடைச் சுவரைக் கம்பால் தொட்டுக் காட்டித்தான் லோர்னா எனக்கு இதைப் புரியவைத்தாள். எதிராளியின் கம்பு வரும் இடத்தில் நம் கம்பு சரியாக இருக்க வேண்டும். சற்றுப் பிந்தினால் விரல் போகும். என் வலது சுண்டுவிரல் இன்றும் கோணலாக இருப்பது அப்படித்தான். அன்று மருத்துவமனையில் என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

செய்யாதே என்பதற்கு அவர்கள் மொழியில் 'ஆயாவ்'. எனக்கு அது 'ஐயோ' என்றே கேட்கும். அவளுக்கு அடிபட்டுவிட்டது என்று பதறி நான் கையை நிறுத்துவேன். அவளும் நிறுத்தத்தான் சொல்லியிருப்பாள். அதனால் அந்தத் தவறு பல மாதம் வெளியே தெரியாமலே ஓடியது.

2

என் தம்பி சாத்தையா காரைக்குடியில், பழைய வீடு ஒன்றை விடுதியாக்கிய இடத்தில் வேலை பார்த்தான். வரும் வெள்ளைக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது, தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் கதை சொல்வது. வாய் சாமர்த்தியம் உண்டு. கொரோனா அடைப்பில் விடுதி மூடியது. வீட்டில் சும்மா உட்கார்ந்து அவன் முகம் கறுத்துப்போவதை நான் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சிலம்பம் ஆடியவன். இதைக் கற்றுக்கொள்கிறாயா என்று நான்தான் கேட்டேன்.

நானும் லோர்னாவும் ஆடுவதைப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினோம். அடைப்புக் காலம் என்பதால் திடல் இல்லை. லோர்னா தன் வீட்டு வாசலில், கோழிகளை விரட்டிவிட்டு, முன்னால் இருந்து ஒரு முறை, பக்கத்தில் இருந்து ஒரு முறை, மெதுவாக ஒரு முறை என்று செய்து காட்டுவாள். அவன் பதிலுக்குத் தன் வீட்டு மாடியில் ஆடி அனுப்புவான். அதைப் பார்த்து, இடது கை தூங்குகிறது, கால் முந்துகிறது என்று அவள் திருத்துவாள். கத்தி ஆட்டத்துக்கு வந்தபோது மட்டும் பல வாரம் அவனை மரக்கத்தியிலேயே நிறுத்தி வைத்தாள். ஊருக்குப் போன மெஸ் மாணவன் ஒருவன் கையில் நல்ல பிரம்புகளாகத் தேர்ந்தெடுத்து, நெருப்பில் வாட்டித் தந்து அனுப்பினாள். யார் கேட்டாலும், இந்தியாவில் எனக்கு ஒரு மாணவன் இருக்கிறான் என்பாள். அவனும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான்.

அடைப்பு முடிந்து, கொஞ்ச காலத்தில் காரைக்குடியில் வகுப்புத் தொடங்கிவிட்டதாகச் சொன்னான். அரியக்குடியில் இருந்தும் நெற்குப்பையில் இருந்தும்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றான். நானும் லோர்னாவும் அன்று திடலில் எல்லோருக்கும் புட்டு வாங்கிக் கொடுத்தோம். இங்கேயும் அரிசிமாவில் ஆவியில் வேகவைத்த பலகாரத்துக்குப் புட்டோ என்றுதான் பெயர்.

பிறகு ஒருநாள் அவனே கேட்டான். "அக்கா, மே மாசம் விழா வைக்கிறேன். டீச்சரையும் கூட்டிக்கிட்டு வா. பிள்ளைக அவுகளை நேர்ல பாக்கணும்ல."

3

லோர்னா அதுவரை நாட்டைவிட்டு வெளியே போனதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியை வெளிநாடு போவதற்குக் கல்வித்துறை அனுமதி வேண்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்து, வட்டார அலுவலகக் கையெழுத்து, அதற்கும் மேலே ஒரு கையெழுத்து. ஒவ்வொரு மேசையிலும் இந்தியாவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். விமான நிலையத்தில் இன்னும் மோசம். இந்த நாட்டுக் குடிமக்களை இந்த நாட்டு அதிகாரிகளே லேசில் வெளியே விடமாட்டார்கள். ஏமாற்றி வேலைக்குக் கூட்டிப் போகிறார்களோ என்ற பயம். அழைத்தவர் யார், என்ன உறவு என்று அந்த அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் என் மாணவன் என்று சொல்லி, சாத்தையா மாடியில் ஆடும் படத்தை லோர்னா எடுத்துக் காட்டினாள். அவர் அதை முழுவதும் பார்த்துவிட்டு, நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய் என்று முத்திரை குத்தினார்.

மீனாவையும் அழைத்துப் போனேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் செபு மொழியில் பதில் சொல்வாள். அதட்டினால் ஆங்கிலத்துக்கு மாறுவாள். ஊரில் சில நாள் இருந்தால் நாக்கு திரும்பும் என்று எனக்கு ஆசை.

நாச்சியாபுரத்தில் அம்மா லோர்னாவை ராணி மாதிரி வைத்துக்கொண்டார். வெயில் தாங்காமல் அவள் முகம் சிவந்து போனதைப் பார்த்து, நுங்கும் மோருமாகக் கொடுத்தார். காலையில் புட்டு அவித்தபோது லோர்னா, புட்டோ, புட்டோ என்று கத்தி அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். சாத்தையா அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

4

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். சாத்தையா லோர்னாவையும் மீனாவையும் முதல் காரில் கூட்டிப் போய்விட்டான். நான் அம்மாவோடு பின்னால் போனேன். வாசலில் இறங்கியதும் அந்த பேனரைப் பார்த்தேன்.

நடுவில் காளியம்மன். பல கைகளிலும் ஆயுதங்களுக்குப் பதிலாகப் பிரம்புகள். 'காளி கலை: தமிழன் உலகுக்குத் தந்த போர்க்கலை' என்று பெரிய எழுத்து. ஒரு பக்கம் ஆசான் சாத்தையா. இன்னொரு பக்கம் நான், 'கடல் கடந்து கலை வளர்க்கும் வள்ளி'. கீழே சின்னதாக லோர்னாவின் படம். அதன் அடியில், 'தாய் மண்ணை வணங்க வந்த பிலிப்பைன்ஸ் மாணவி'.

வெளிநாடுகளில் சிலர் இந்தக் கலையைக் 'காளி' என்று சொல்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். செபுவில் எங்கள் திடலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் அம்மனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

லோர்னா அந்த பேனருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாத்தையா தோளோடு தோள் சேர்ந்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். தன் படத்தை இத்தனை பெரிய பலகையில் போட்டிருக்கிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வெல்கம் டீச்சர்னு போட்டிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னான் தம்பி.

அவனைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டேன். விளம்பரம்தானே அக்கா, அவுகளுக்கென்ன தமிழ் தெரியவா போகுது என்றான். கூட்டம் வந்துவிட்டது, அப்புறம் பேசலாம் என்று போய்விட்டான்.

பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். நானும் லோர்னாவும் மேடையேறி ஆடினோம். கத்தி ஆட்டத்தின்போது மண்டபம் மூச்சடங்கிக் கிடந்தது. ஆடி முடித்து லோர்னா கீழே இறங்கி மீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னை மேடையிலேயே நிறுத்தி, கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். சாத்தையா பேச ஆரம்பித்தான்.

"எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வந்திருக்கீக. ஒரு உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்று தொடங்கினான். நம்மூர்க்காரர்கள் கப்பலில் போனபோது இந்தக் கலையைத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்களாம். அரண் என்பதுதான் அர்னிஸ் ஆனதாம். சினவாலி என்றால் சினம் கொண்ட வாலியாம். அந்த வானர ராஜன் இரண்டு கையிலும் மரம் பிடுங்கி அடித்த அடியாம். புட்டுகூட நாம் கொடுத்ததுதான், டீச்சரே நேற்றுச் சாப்பிட்டுவிட்டு ஒப்புக்கொண்டார் என்றான். எங்கள் தாத்தா ரகசியமாக இந்தக் கலையை வைத்திருந்ததாகவும், அக்காவுக்கும் தனக்கும் அதுதான் சொத்து என்றும் முடித்தான். எங்கள் தாத்தா தொண்டிக் கடலைக்கூடப் பார்த்ததில்லை. மாடு ஓட்டும் கம்பைத் தவிர வேறு கம்பு அவர் கையில் இருந்ததில்லை. அது தெரிந்த சித்தப்பாவும் மாமாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. அப்போதுதான் லோர்னாவின் முகத்தைப் பார்த்தேன். மீனா அவள் காதோரம் குனிந்து பேசிக்கொண்டே இருந்தாள். தன் மாமா சாத்தையா சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல், செபு மொழியில். என் மகளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பேச்சை முடித்த சாத்தையா என் பக்கம் திரும்பினான். "அக்கா, டீச்சர்கிட்டச் சொல்லு. மேடைக்கு வந்து கம்பை என் கையில குடுத்து ஒரு கும்பிடு போடச் சொல்லு."

எங்கள் திடலில் கம்பை எதிராளி கையில் விட்டால் தோற்றேன் என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்ததே லோர்னாதான்.

"சொல்ல மாட்டேன்" என்று மைக்கைக் கீழே வைத்தேன். அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே லோர்னாவைக் கையசைத்துக் கூப்பிட்டான். அவள் எழுந்து வந்தாள். நான் குறுக்கே போய் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"ஆயாவ், பாலி" என்றாள் மெதுவாக. "உன் அம்மா முன்வரிசையில் இருக்கிறார்."

இரண்டு கம்புகளையும் அவன் கையில் கொடுத்துத் தலை குனிந்தாள். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. கைப்பேசிகள் எல்லாம் மேலே உயர்ந்தன.

பிறகு மணமகள் அறையில் வைத்து அவனைப் பிடித்தேன். கத்தவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. எனக்குப் பாடம் நடத்துகிறவன்போலப் பொறுமையாகச் சொன்னான்.

"சிலம்பம்னா தெருவுக்கு ரெண்டு பேரு சொல்லிக்குடுக்குறான் அக்கா. பிலிப்பைன்ஸ் கலைன்னா நம்மாளு பிள்ளையை அனுப்ப மாட்டான். புதுசாவும் இருக்கணும், நம்மளதாவும் இருக்கணும். இதுல யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நீ அங்குட்டே இருந்து இருந்து அவுக ஆளாயிட்ட."

அன்று மாலை லோர்னா சாப்பிடவில்லை. அவனைப் பற்றியும் பேசவில்லை. இந்தியாவில் பிள்ளைகள் சினவாலி ஆடுகிறார்கள் என்று என் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், திரும்பிப் போனதும் எப்படி இருந்தது என்று கேட்பார்கள், என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டாள்.

5

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்வதற்கு முன்பே, மேடையில் அவள் தலை குனிந்த படம் செபுவுக்கு வந்துவிட்டது. சாத்தையா அதை இணையத்தில் போட்டு, பிலிப்பைன்ஸ் மாஸ்டர் தமிழ் ஆசானிடம் சரணடைந்தார் என்று ஆங்கிலத்தில் தலைப்பும் கொடுத்திருந்தான்.

பள்ளி அணியையும் கவனித்துக்கொள்ளும் எங்கள் திடலின் பெரியவர்கள் லோர்னாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அது அந்த ஊர் வணக்கமுறை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவளிடம் இருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அணியை ஒன்றுமில்லாததில் இருந்து உண்டாக்கியவள் அவள். எனக்காகத்தான் குனிந்தாள் என்பதை அவர்களிடம் சொல்லவே இல்லை. பொறுப்புப் போனதை என்னிடமும் சொல்லவில்லை. மீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது மீனா அவனை மாமா என்று சொல்லவில்லை. உன் தம்பி என்றாள்.

நான் பெரியவர்களிடம் போனேன். என் செபு மொழி பாதியில் நின்றபோதெல்லாம் மீனா எடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வருத்தம்தான், ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே, அது இணையத்தில் இருக்கும்வரை நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நியாயமான கேள்வி.

தம்பியிடம் அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். லோர்னாவுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அடடா, பாவம் என்றான். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகுதான் சேர்க்கை கூடியிருக்கிறது, இப்போது எடுத்தால் எல்லாரும் சந்தேகப்படுவார்கள் என்றான். என் கணவர் விடு வள்ளி, ஊர்ப் பகை எதற்கு என்றார்.

நான் விடவில்லை. மெஸ் சமையலறையில் நின்று, தமிழில் பேசி ஒரு வீடியோ எடுத்தேன். எடுத்த எடுப்பில் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. சாத்தையா என் கூடப்பிறந்த தம்பி, கம்பு வீசுவதில் எங்கள் பக்கத்தில் அவனுக்கு இணை கிடையாது, பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவன் என்றேன். ஆனால் என்று தொடங்கி, இந்தக் கலை யாருடையது, சினவாலி என்றால் என்ன, கற்றுக்கொடுத்தவள் யார், மேடையில் நடந்தது என்ன என்று முழுவதும் சொல்லி வெளியிட்டேன்.

அதன் பிறகு அம்மா ஒருமுறைதான் பேசினார்.

"அவன் சொன்னது பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதாடி? அதுக்காகக் கூடப்பொறந்தவனைச் சந்தியில கொண்டாந்து நிறுத்துவியா?"

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எல்லாப் பங்காளி வீட்டுக்கும் சொல்லிவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோருக்கும் போன் வந்தது. எனக்கு வரவில்லை. பொய் என்று ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் ஒருவன் ஏமாற்றினான் என்றால் ஒருவனோடு போயிருக்கும். உண்மை தெரிந்த அத்தனை பேரும் அவன் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

6

போன வாரம் மெஸ்ஸில் சாப்பிட வந்த காரைக்குடி மாணவன், அக்கா, உங்க விளம்பரம் நல்லா இருக்கு என்று கைப்பேசியை நீட்டினான். இந்த வருட விழாவுக்கான விளம்பரம். அதில் நான் என் சமையலறையில் நின்று பேசுகிறேன். சாத்தையா என் கூடப்பிறந்த தம்பி. கம்பு வீசுவதில் எங்கள் பக்கத்தில் அவனுக்கு இணை கிடையாது. பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவன். அத்தோடு வெட்டி, பின்னால் நாதஸ்வரத்தைச் சேர்த்து, சேர்க்கை நடைபெறுகிறது என்று போட்டிருந்தான்.

அவனைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"நீ சொன்னதைத்தானே அக்கா போட்டிருக்கேன்" என்றான். "நானா ஒரு வார்த்தை சேத்திருக்கேனா, சொல்லு."

சேர்க்கவில்லை. எல்லாம் என் வார்த்தைகள்தான். நான் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். காரைக்குடியில், நெற்குப்பையில், பிள்ளைகளை அங்கே அனுப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பிள்ளைகளை நிறுத்த வேண்டாம். அவர்கள் கற்பது நல்ல கலை. அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை லோர்னாவிடம் விளம்பரத்தைக் காட்டினேன். அணியை இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. நாங்கள் இருவரும் ஆடுவது நிற்கவும் இல்லை. அவளுக்குத் தமிழ் புரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் பேசும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

"உனக்கு அவன்மேல் எவ்வளவு பிரியம் என்று இதில் முகத்திலேயே தெரிகிறது" என்றாள்.

"அது எடுக்கும்போது இருந்தது" என்றேன்.